காலையில் எழும்பாத புல்லு மிஷின்

புல்லு மிஷின் எங்கள் பங்களாவுக்கு வந்தது ஒரு மரப்பெட்டிக்குள். கீழேயிருந்து மலை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். உச்சி ஸ்டேஷனிலிருந்து பங்களா வரைக்கும் ஒற்றையடிப் பாதைதான்; மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி வந்தோம். வாசலில் நின்று பார்த்த என் மனைவி, "சாமி பொறப்பாடு மாதிரி இருக்குங்க" என்றாள். சாமி தூக்கும்போது தோள் வலி தெரியாது. இது நன்றாகத் தெரிந்தது.

அப்போது பினாங்கில் மலை ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கொடிமலைமேல் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அவற்றில் ஒன்றில் நான் தோட்ட மண்டோர்; நம்மூர் மேஸ்திரி மாதிரி. டவுனில் கம்பெனி நடத்திய ஒரு துரையின் பங்களா. அவரும் துரைசானியும் வாரக் கடைசியில் விருந்தாளிகளோடு ஏறி வருவார்கள். பின்பக்கத்து வரிசை வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகளும் குடியிருந்தோம். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். பூச்செடி தெரியும், எரு தெரியும், முருகன்மேல் சில பாட்டுகள் தெரியும். மிஷின் தெரியாது. ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த நேரத்திலிருந்து என் கண் அதன்மேலேயே இருந்தது.

பச்சைப் பெயிண்ட் அடித்த உடம்பு. முன்னால் வெட்டின புல் விழுகிற தகரப் பெட்டி, அதற்குப் பின்னால் சுருள் சுருளாகக் கத்தி, கத்திக்கு மேலே ஒரு சின்ன எஞ்சின். பக்கத்தில் ஒரு கப்பி. அதில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மிஷின் தானாக நடக்கும். நாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டியதுதான். அதற்கு முன்பு அந்தப் புல்தரையை ஒருவர் இழுக்க ஒருவர் தள்ளக் கைமிஷினால்தான் வெட்டினோம். வெட்டின அன்றைக்கு ராத்திரி முதுகைத் தரையில் வைக்க முடியாது. இப்போது இந்தக் குட்டி எஞ்சின் குடிக்கிற கொஞ்சம் பெட்ரோலுக்கு அத்தனை வேலையும் செய்கிறதே, உள்ளே என்னதான் நடக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

இதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று துரை சொன்னபோது என் மனைவியின் தம்பியைச் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரையில், ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் கொட்டகையில் துணையாளாக இருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகவில்லை. ஆனால் பெண் அப்பன் வீட்டிலேயே இருந்தாள். இவன் இருந்தது நான்கு ஆண்கள் படுக்கிற லயத்து அறை. "தனியா ஒரு அறை காட்டு, அன்னைக்கே பொண்ண அனுப்புறேன்" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. துரை அவனைப் பார்த்துவிட்டு, மிஷினை ஒழுங்காக வைத்துக்கொண்டால் வேலை நிரந்தரம், எங்கள் வரிசையில் கடைசி அறையும் அவனுக்கு என்றார். தினமும் அசைகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் போடச் சொல்லி மலாயில் இரண்டு தடவை சொன்னார். மைத்துனன் இரண்டு தடவையும் தலையாட்டினான்.

அன்று சாயங்காலமே அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். கண்ணாடி மாட்ட ஆணி அடித்தான். கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.

முதல் சில வாரம் மிஷின் சொன்ன சொல் கேட்டது. அப்புறம் ஒரு காலையில் கயிற்றை இழுத்தான், பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தான். உள்ளங்கை சிவந்து, கொப்புளம் கட்டுகிற வரைக்கும் இழுத்தான். எஞ்சின் 'புஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. சமையல்கட்டு வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்ற பட்லர் வேடிக்கை பார்த்தார். புதுச்சேரிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஸ்டோர் அறைச் சாவி அவர் இடுப்பில். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்னப்பா எஞ்சின் டாக்டரு, நாடி பிடிச்சுப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே."

"மலைக்காத்து ஒத்துக்கல. சளி பிடிச்சிருக்கு. வெத்தலைய வாட்டி நெஞ்சில போடு."

மைத்துனன் மறுபடியும் கயிற்றைச் சுற்றினான். காது மட்டும் சிவந்தது.

பகல் உச்சிக்கு வந்தபின் மிஷினை மூலையில் தள்ளி வைக்கலாம் என்று நான் போனேன். போகிற போக்கில் அவன் கயிற்றை ஒரு தடவை இழுத்தான், கோபத்தில்தான். 'படபட'வென்று பிடித்துக்கொண்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆனால் பாதித் தரை வெட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. மலையில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. துரை இருக்கிற நாட்களில் பதினொரு மணிக்கெல்லாம் விருந்தாளிகள் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெட்டுவதானால் காலையில் வெட்ட வேண்டும்.

மறுநாளும் அதே கதை. காலையில் பிணம், மத்தியானத்தில் மாப்பிள்ளை. அதற்கு மறுநாளும் அப்படியே.

எனக்கு இது விளங்கவே இல்லை. மிஷினுக்கு மணி தெரியுமா? கோழிக்குத் தெரியும், பூவுக்குத் தெரியும். இரும்புக்கு எப்படித் தெரியும்? விபூதி பூசிக் கண்மூடி நிற்கும்போதுகூட அந்தக் கப்பிதான் மனசில் சுற்றியது. முருகா, மன்னித்துக்கொள், இதையும் நீயே பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

பனிதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். மிஷின் இருந்தது பங்களாவுக்கு அடியில் ஒரு கல் அறையில். அங்கே சுவரைத் தொட்டாலே கை ஜில்லென்று இருக்கும். ராத்திரி சாக்கு போட்டு மூடினோம். பிளக் என்று ஒன்று எஞ்சின் தலையில் செருகியிருக்கும். அதைக் கழற்றி, அடுப்போரத்தில் காயவைத்துத் திரும்பப் போட்டோம். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. மைத்துனன் மட்டும் விடாமல் காலையும் மாலையும் துணியால் துடைத்து, அசைகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டான். பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிறவனைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை துரை வராந்தாவில் நின்று அவன் கயிறு இழுப்பதைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கிட்டே வந்து, அடுத்த வாரம் விருந்தாளிகளோடு வருவதாகவும், அப்போதும் காலையில் ஓடாவிட்டால் மிஷினை விற்றுவிட்டுப் பழையபடி கைமிஷினே போதும் என்றும் சொன்னார். கைமிஷினுக்குத் தனி ஆள் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

மைத்துனன் நேராகப் போய் அந்தக் கடைசி அறை வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

"மச்சான், வர்ற மாசம் அனுப்புங்கன்னு மாமாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"மிஷின் நல்லா ஓடுனப்போ."

"சரி, அதை விடு. எழுந்திரு மாப்ளே. டவுனுக்குக் கொண்டு போவோம்."

திங்கட்கிழமை திரும்பவும் மூங்கில், திரும்பவும் தோள். ரயிலில் இறக்கி, மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் மாட்டுவண்டி பிடித்து, டவுனில் பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மோட்டார் பழுது பார்க்கிற சீனரிடம் கொண்டுபோனோம். மலையில் சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்த நாங்கள் அங்கே வியர்வையில் குளித்தோம். பட்டறைத் தகரக் கூரைக்கு அடியில் உலைபோலக் கொதித்தது.

தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தப் பட்டறை முதலாளி வாயில் சுருட்டோடு வந்து, மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்து, கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒரே இழுப்பு. 'படபடபட'.

"தாடா சாக்கிட் லா!" என்று சிரித்தார். நோயே இல்லையே என்கிறார்.

மைத்துனனுக்கு அழுகை வராத குறை. "மேலே போனா ஓடல தவுக்கே. காலையில ஓடல. சத்தியமா ஓடல."

அவர் எங்களைப் பொய்யர்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நினைக்கவில்லை. சுருட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்ரோல் வருகிற பாதையை ஊதிப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த ஒரு வட்ட மூடியைத் திறந்தார். அதுதான் மேக்னட். பொறி பிறக்கிற இடம். உள்ளே விரல் நகத்தளவு ஒரு இரும்புக் கை இருந்தது. எஞ்சின் சுற்றும்போது அது ஒரு ஊசியில் ஆடி, திறந்து திறந்து மூடும். அது அப்படித் திறந்து மூடினால்தான் பிளக்கில் பொறி விழும் என்று மலாயும் தமிழும் கையாட்டமுமாக விளக்கினார். அசைகிற இடம் என்று மைத்துனன் அதற்குள்ளும் விட்ட எண்ணெய் பளபளவென்று தெரிந்தது. அதிகம், கொஞ்சமாகப் போடு என்று சொல்லித் துடைத்துவிட்டு மூடினார்.

பிறகு, நான் இன்றுவரை மறக்காத ஒன்றைச் செய்து காட்டினார். பிளக்கைக் கழற்றி, வயரோடு அதன் உடம்பை எஞ்சின்மேல் ஒட்டினாற்போல் சாய்த்து வைத்து, கயிற்றை இழுத்தார். பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி துள்ளியது. எறும்பு அளவுதான் இருக்கும். எஞ்சினுக்குள்ளே யாரும் பார்க்காத இருட்டில் இது ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கிறது! அந்த அழகைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கிட்டே விரலைக் கொண்டுபோனேன். வயர் என்னை முழங்கைவரைக்கும் உதறிவிட்டது. தவுக்கே சிரித்த சிரிப்பில் சந்தே திரும்பிப் பார்த்தது.

"மேலே போ. காலையில இப்படிப் பாரு. பொறி இருக்கா, இல்லையா. இல்லைன்னா மேக்னட்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

மேலே கொண்டுவந்தோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மைத்துனன் துடைத்தான், எண்ணெய் விட்டான். மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, பிணம்.

உடனே பிளக்கைக் கழற்றிச் சாய்த்து வைத்தோம். நான் தரையில் குப்புறப் படுத்துக் கண்ணை அதன் கிட்டே வைத்தேன். அவன் இழுத்தான். ஒன்றுமில்லை. கருப்பு. மத்தியானம் திரும்பப் பார்த்தோம். நீலப்பொறி துள்ளியது. ஆகக் காலையில் பொறி இல்லை, மத்தியானம் பொறி உண்டு. இதுவரைக்கும் வந்துவிட்டோம். பாதி திறந்த கதவு முன்னால் நிற்பதுபோல இருந்தது எனக்கு. மைத்துனனுக்கு அப்படி இல்லை; சனிக்கிழமை துரை வருகிறார்.

"மச்சான், மலையில ஏதாச்சும் இருக்குமா? கோயில்ல ஒரு எலுமிச்சம்பழம் வெட்டிப் பாப்போமா?"

"வெட்டலாம். ஆனா காலையில மட்டும் வந்து பிடிக்கிற காத்துக் கருப்பு உண்டா? அதுவும் வேலை நேரம் பாத்து வருமா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று சாயங்காலம் மலைமேல் இருந்த கோயிலுக்குப் போய் வந்தோம். சந்நிதியில் அவன் நெடுநேரம் நின்றான். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது என்னவென்று எனக்குக் காட்டு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை குளித்துவிட்டு விளக்கேற்ற வந்தேன். மற்ற நாட்களில் என் மனைவி அகலில் எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருப்பாள். அன்று சின்னவனுக்குக் காய்ச்சல். அவள் அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நானே மாடத்திலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். சொட்டுக்கூட விழவில்லை. உள்ளே வெள்ளையாக, நெய் உறைந்ததுபோல நின்றது.

இது நான் அறியாததல்ல. மலையில் குடியிருக்கிற யாருக்கும் தெரியும். கீழே டவுனில் தேங்காயெண்ணெய் ஒருநாளும் உறையாது. மேலே காலையில் உறையாத நாளே கிடையாது. வெயில் ஏறினால் தானே உருகிவிடும்.

"அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் வைங்க. தினமும் அப்படித்தானே நான் உருக்குறேன்" என்றாள் உள்ளேயிருந்து. அப்புறம், "எவ்வளவு இருக்கு அதுல?" என்று கேட்டாள்.

"அடியில கொஞ்சம்."

"பாத்தீங்களா! போன வாரம்தான் வாங்கினது. உங்க மாப்ளே வந்து வந்து கிண்ணத்துல ஊத்திக்கிட்டுப் போறான்."

"தலைக்கா? இவ்வளவு எண்ணெய் எந்தத் தலைக்கு?"

"தலைக்கு எங்க? எல்லாம் அந்த மிஷினுக்கு."

பாட்டில் என் கையில் இருந்தது. அதை மறுபடியும் கவிழ்த்தேன். வெள்ளை அசையவில்லை. அடுப்போரத்தில் வைத்தேன், பக்கத்திலேயே குந்திக்கொண்டு பார்த்தேன். ஓரம் முதலில் கண்ணாடிபோலத் தெளிந்தது. பிறகு நடுக்கட்டி மெல்ல வழுகிச் சாய்ந்தது. காலையில் கல், சூடு ஏறினால் தண்ணீர். காலையில் பொறி இல்லை, மத்தியானம் பொறி உண்டு. கீழே டவுனில் என்றைக்கும் நோய் இல்லை.

விளக்கை ஏற்றினேன். கை கூப்பினேன். பாட்டுப் பாடவில்லை, முருகனுக்குத் தெரியும் என் அவசரம்.

மைத்துனன் கல் அறையில் மிஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, இதுக்கு என்ன எண்ணெய் விடுறே?"

"சுத்தமான எண்ணெய்தான் மச்சான்."

"அது என்னன்னுதான் கேக்குறேன்."

"சாமி விளக்குக்கு அக்கா வச்சிருக்கிறது." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "பெட்டியோட வந்த டப்பா தீந்துபோச்சு. இன்னொண்ணு ஸ்டோர்ல இருக்கு. பட்லர் அண்ணன்கிட்டப் போயி நிக்கணும், அவரு எஞ்சின் டாக்டரு எஞ்சின் டாக்டருன்னு நாலு பேரு முன்னாடி... அதுவுமில்லாம அது கருப்பா நாத்தமடிக்குது. சாமிக்கு ஊத்துறதுன்னா கலப்படம் இருக்காது. புது மிஷினுக்கு அதைவிட ஒசத்தியா வேற என்ன விடுறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. சாமிக்கு வைத்ததை எடுத்தானே என்றும் தோன்றவில்லை. தன்னிடம் இருந்ததில் உயர்ந்ததைத்தான் ஊற்றியிருக்கிறான். அதை ஏற்றுக்கொள்ள மிஷினுக்குத்தான் முடியவில்லை.

"மூடியைத் திற" என்றேன்.

மேக்னட் மூடியைத் திறந்தோம். அந்தச் சின்னக் கையின் அடியில், அது ஆடுகிற ஊசியைச் சுற்றி, வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவினதுபோல ஒரு வளையம். விரலால் கையை மெதுவாகத் தள்ளினேன். திறந்தது. விட்டேன். திறந்தபடியே நின்றது. மூட வேண்டும் என்ற ஞாபகமே அதற்கு இல்லை.

மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நானா? நானே கட்டிப் போட்டேனா இதை?"

"இரு. நாம நினைக்கிறது சரிதானான்னு பாக்கணும்."

பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. அது எனக்கே தெரியும். என் மனைவியிடம் போய், இந்தச் சின்ன இடத்தை மட்டும் சூடு பண்ண வேண்டும், எப்படி என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய துணியில் முடிந்து கொடுத்தாள். சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்கிற உப்பு முடிச்சு. மைத்துனன் அதை மேக்னட்மேல் வைத்து வைத்து எடுத்தான். பட்லர் கோப்பையோடு வந்து நின்றார்.

"அட, நான் வெத்தலைதானே சொன்னேன்! இது உப்பு ஒத்தடமா? அடுத்தது என்ன, கஷாயமா?"

வெள்ளை வளையம் மங்கியது, தெளிந்தது, காணாமல் போனது. அந்தச் சின்னக் கையைத் தள்ளி விட்டேன். டக்கென்று மூடிக்கொண்டது. மைத்துனன் மூடியைப் போட்டு, கயிற்றைச் சுற்றி, ஒரு இழுப்பு இழுத்தான்.

கல் அறைக்குள் அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே இன்னும் பனி மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில் அது எழும்பினதே இல்லை. பட்லர் கோப்பைக் காப்பி அவர் வெள்ளைச் சட்டையில் சிந்திவிட்டது.

அன்று முழுக்க மைத்துனன் ஒவ்வொரு இடமாகப் பெட்ரோல் துணியால் துடைத்தான். பிறகு, அவனாகவே ஸ்டோர் வாசலில் போய் நின்றான்.

"அண்ணே, மிஷின் எண்ணெய் வேணும்."

"எந்த மருந்து டாக்டரு, உள்ளுக்கா வெளிப்பூச்சுக்கா?"

"வெளிப்பூச்சுத்தான் அண்ணே. நான்தான் தப்பான மருந்து கொடுத்துட்டேன்."

பட்லர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். சாவியைத் திருப்பும்போது, "தீந்தா வந்து கேளு, என்ன" என்றார்.

சனிக்கிழமை காலை துரை வரும்போது மிஷின் புல்தரையில் நடந்துகொண்டிருந்தது. பச்சையில் பாய் விரித்ததுபோலக் கோடு கோடாக. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். என்ன கோளாறு என்று என்னைக் கேட்டார். எனக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது: பனி, துவான். பாதி உண்மைதானே. தப்பு இவனுடையது என்று தெரிந்தால் அந்த அறை போய்விடுமோ என்று எனக்குப் பயம். நான் வாயைத் திறக்குமுன் மைத்துனன் முன்னால் வந்தான்.

"மின்யாக் கெலாப்பா, துவான். நான் போட்டது."

தேங்காயெண்ணெய் என்றதும் துரை புருவத்தைத் தூக்கினார். மைத்துனன் இருந்த மலாயை எல்லாம் கூட்டிச் சொல்லி முடித்தான். துரை பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். இன்னும் உருகாத பாட்டில். அதைச் சாய்த்தார், தலைகீழாகப் பிடித்தார், வெளிச்சத்தில் பார்த்தார். நான் அடுப்போரத்தில் குந்திக்கொண்டு பார்த்தேனே, அதே பார்வை. துரைசானியிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அந்த அம்மாள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

"எந்த எண்ணெய் என்று நான் சொன்னேனா?" என்று அவனைக் கேட்டார்.

"இல்லை துவான். தினமும் போடு என்றீர்கள். எல்லா இடத்திலும் என்றீர்கள்."

துரை தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்படித்தான் சொன்னேன்" என்றார். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அறையில் என்ன, கட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். மைத்துனன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரமே பெண்ணை அழைத்துவர அக்கரைக்குப் போனான். முந்தின ராத்திரி அக்கரையில் தங்கி, காலைக் கப்பலில் வந்து ரயில் பிடிப்பதாக ஏற்பாடு. அந்தக் காலையில் புல்வெட்டுவது என் பொறுப்பு. எனக்கு மனசுக்குள் ஒரே குஷி. இத்தனை நாள் படுத்தும் குந்தியும் பார்த்த மிஷினை நானே ஓட்டப் போகிறேன். பிளக் தெரியும், பொறி தெரியும், மேக்னட் தெரியும். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. புறப்பட்டோம்.

முதல் கோடு கொஞ்சம் வளைந்தது. இரண்டாவது பரவாயில்லை. தரை முழுக்க வெட்டி முடித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இதை எழுப்புவது எப்படி என்றே வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். நிறுத்துவது எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் நிறுத்துவான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன செய்வான் என்று பார்க்கவே இல்லை.

கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. அதைத் திருப்பினேன். நடந்துகொண்டிருந்த மிஷின் வேகமெடுத்து ஓட ஆரம்பித்தது. அவசரமாகத் திருப்பி வைத்தேன். பிளக் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது; ஆனால் அந்த வயர் என்னை ஒருமுறை உதறியிருக்கிறது, அதோடு கைப்பிடியை விட்டால் இது நேராகத் துரைசானியின் ரோஜாப் பாத்திக்குள் போய்விடும். ஆகவே நடந்தேன். வெட்டின இடத்தையே திரும்ப வெட்டினேன். என் மனைவி வாசலில் நின்று, "போதுங்க, வாங்க, அவங்க வர்ற நேரம்" என்று கையாட்டினாள். எனக்கு அது காதில் விழுந்ததும் ஒன்றுதான், விழாததும் ஒன்றுதான். பட்லர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்போது பாதை திருப்பத்தில் தலையில் டிரங்குப் பெட்டியோடு மைத்துனன் தெரிந்தான். பின்னால் அவள், மலைக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி. நான் கத்தின கத்தலில் அவன் பெட்டியைப் புல்லில் இறக்கிவிட்டு ஓடி வந்தான். பக்கத்தில் ஓடியபடியே குனிந்து, பிளக்கின் தலைமேல் வளைந்திருந்த ஒரு தகட்டை விரலால் அழுத்தினான். பொறி அடங்கி மிஷின் நின்றது.

திடீரென்று மலையே அமைதியாகிவிட்டது. குருவிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் புல்லோரத்தில் நின்று என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது எழும்பலைன்னுதானா நேத்து ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதீங்க?" என்று புருஷனை மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மனைவி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். நானும் முன்னால் போனேன். மிஷின் நின்ற பிறகும் என் கைகள் இரண்டும் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கைகளையே கூப்பி, "வாம்மா" என்றேன்.